ஊருக்கு உபதேசம்

சொற்களுக்கும் வாழ்வு உண்டு, தாழ்வும் உண்டு. ஒரு காலத்தில் கைகட்டி வாய்பொத்திக் கேட்கப்பட்ட சொல், மற்றொரு காலத்தில் நகைப்புக்கு இடமாகிவிடுகிறது. அவ்வாறு தாழ்வுற்ற சொற்களுள் ஒன்று 'உபதேசம்'.

அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்கு மாசு மருவற்ற பொருள்களே கிடைக்கின்றன: அறிவுறுத்தல், போதித்தல், மந்திரம் ஓதுதல். ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியிலும் திருச்செங்கோட்டுச் சந்தையிலும் அச்சொல் என்ன பொருளில் வழங்குகிறது? 'பெருசா உபதேசம் பண்ண வந்துட்டாரு' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதற்குமேல் அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. 'ஊருக்கு உபதேசம்' என்று இரண்டே சொற்களில் ஒருவருடைய வாழ்க்கையை அளந்து ஒதுக்கிவிடுகிறார்கள் நம் மக்கள். சொல்வது ஒன்று, செய்வது வேறொன்று என்பது அதன் பொருள்.

இது அறத்தின்மீது மக்களுக்கு உண்டான வெறுப்பா? அல்ல. அதே கடைவீதியில் வள்ளுவரின் பெயரைச் சொன்னால் தலைநிமிர்ந்து கேட்கிறார்கள். 'அறவுரை' என்ற சொல்லுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. 'அறிவுரை' என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பொருளில் ஏறத்தாழ ஒன்றான மூன்று சொற்களில் ஒன்று மட்டும் ஏன் இகழ்ச்சிக்கு ஆளாயிற்று? அச்சொல் நடந்துவந்த வழியைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும். யார் சொன்னார்கள், யாருக்குச் சொன்னார்கள், சொன்னதால் எவருக்கு என்ன இழப்பு ஏற்பட்டது என்ற மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வழியே செல்வோம்.

செவியறிவுறூஉ

பழந்தமிழர் அறம் உரைப்பதற்கென்றே துறைகள் வகுத்திருந்தனர். ஒன்று 'வாயுறை'; மற்றொன்று 'செவியறிவுறூஉ'. இரண்டும் தொல்காப்பியச் செய்யுளியலில் பேசப்படுகின்றன. வாயுறை என்பது மருந்து போன்ற சொல். வேம்பு போல முதலில் கசக்கும்; பின்னர் நலம் பயக்கும். செவியறிவுறூஉ என்பது செவியில் அறத்தைப் புகுத்துவது. யாருடைய செவியில்? அதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. புறநானூற்றில் அத்துறையில் அமைந்த பாடல்களைப் பாருங்கள். அவை உழவனுக்கு உரைக்கப்பட்டவை அல்ல. உழவனிடம் வரி வாங்கிய மன்னனுக்கு உரைக்கப்பட்டவை!

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்னது என்ன? விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்து விளைச்சலும் ஓர் யானைக்குப் பல நாள் ஆகும். யானை தானே வயலுக்குள் புகுந்துவிட்டால் அது தின்பதைவிடக் காலால் மிதித்து அழிப்பதே மிகுதி. வரி வாங்கும் முறை அறியாத அரசனும் அப்படித்தான் என்றார் புலவர். கிள்ளிவளவன் முன் நின்ற வெள்ளைக்குடி நாகனார், படையின் வெற்றியே ஏரின் சாலில் பிறப்பது என்று எடுத்துரைத்தார். அந்தச் செவியறிவுறூஉவின் பயனாகப் பழைய நிலவரி தள்ளுபடி ஆயிற்று என்று பாடலின் அடிக்குறிப்பு கூறுகிறது. அறவுரைக்கு அன்று கிடைத்த விளைவு, உழவனின் தலையிலிருந்து இறங்கிய ஒரு சுமை!

நம் சேலம் சமவெளிக்கும் இந்த மரபில் இடம் உண்டு. பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியாக இருந்த தகடூர், இன்றைய தருமபுரி. அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். அத்தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி, மாலை சூட்டி, புத்தம்புதிதாய் அடுக்கி வைத்திருந்த வேல்களைப் பார்த்தார். புகழ்வதுபோலவே பேசி, எங்கள் மன்னனின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றார். போர் தெரியாத மன்னனே, போருக்கு எழாதே என்பது அதன் உட்பொருள். ஆணும் அல்லர், அரசரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். ஒரு பெண், ஒரு பாணர் மரபினர் என்று கருதப்படுபவர், பகைவேந்தன் அவையில் நின்று அவன் செவியில் உண்மையைப் புகுத்தினார்.

அந்தப் புலவர்களைத் தெய்வமாக்க நாம் முன்வரவில்லை. பரிசில் நாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். மிகைப்படப் புகழ்ந்த பாடல்களும் அவர்கள் வாயிலிருந்து வந்தவையே. ஆயினும் அவர்களுடைய அறவுரை கீழிருந்து மேல்நோக்கிச் சென்றது. சொன்னவனுக்கு அதில் ஆபத்து இருந்தது. கேட்டவனுக்கோ மறுக்கும் ஆற்றல் இருந்தது. காது கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் வேந்தனே வேந்தன் என்று வள்ளுவர் இறைமாட்சியில் வைத்த இலக்கணம், இந்த மரபின் சாறு.

காதோடு ஓதிய சொல்

'உபதேசம்' வடசொல். 'உப' என்றால் அருகில். 'தேசம்' என்ற பகுதி சுட்டிக்காட்டுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. அருகே அமர்த்திக் காட்டித் தருவது என்பதே அதன் நேர்ப்பொருள். பொருளில் குற்றம் இல்லை. வழக்கில்தான் குற்றம் புகுந்தது. அருகே அமரத் தகுந்தவன் யார் என்ற கேள்வி எழுந்த இடத்தில் சாதி வந்து நின்றுகொண்டது. மந்திரத்தைக் குரு காதோடு ஓதுவார். மாணாக்கன் மறுகேள்வி கேளாமல் ஏற்பான். பிறர் அறியக் கூடாது. செவியறிவுறூஉவும் செவியில்தான் புகுந்தது. உபதேசமும் செவியில்தான் புகுந்தது. முன்னது மன்னன் அவையில் எல்லோரும் கேட்கச் சொல்லப்பட்டது. பின்னது கதவை அடைத்துக்கொண்டு சொல்லப்பட்டது.

இந்தக் கட்டை உடைத்தவர்களும் உண்டு. திருக்கோட்டியூரில் காதோடு பெற்ற மந்திரத்தைக் கோபுரத்தின்மீது ஏறி ஊரறியச் சொன்னார் இராமானுசர் என்பது வைணவ மரபு. அந்தக் கதையை மக்கள் இன்றளவும் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் என்ன? மறைத்துவைத்த ஒன்றை ஒருவர் பொதுவாக்கினார் என்பதே. வழக்கம் எதுவாக இருந்தது என்பதை அந்த ஒரு விதிவிலக்கே காட்டிக்கொடுக்கிறது அல்லவா?

மதம் மாறினால் இந்தக் குற்றம் மாறிற்றா? அதற்கும் இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் டி நொபிலி 1623இல் மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டு, இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்துக்கும் பின் சேலத்துக்கும் வந்தார். தத்துவ போதகர் என்பது அவர் பூண்ட பெயர். அவர் எழுதிய தமிழ் நூல்களுள் ஒன்றின் பெயரே 'ஞானோபதேச காண்டம்'. தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உயர்சாதியாரிடம் பேசுவதற்காக அவர் காவி உடுத்து, பூணூல் அணிந்து, உணவிலும் உறைவிடத்திலும் பிராமணத் துறவியின் ஒழுக்கத்தை மேற்கொண்டார். தாழ்த்தப்பட்டோர் அவரை நெருங்க முடியாத நிலை உண்டாயிற்று. அவர்களுக்கென்று 1640 முதல் 'பண்டாரசாமி' என்ற வேறொரு வகைக் குருமார் ஏற்படுத்தப்பட்டனர். வேதம் ஒன்று; உபதேசிக்க இருவகைக் குருக்கள்! கடல் கடந்து வந்த சமயமும் இந்த மண்ணின் படிக்கட்டில் ஏறித்தான் பேச வேண்டியிருந்தது.

கொல்லிமலைச் சதகம்

சேந்தமங்கலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். ஓரி ஆண்ட மலை. அம்மலையில் அறப்பளீசுரர் கோயில் இருக்கிறது. அந்த இறைவனை முன்னிலைப்படுத்தி 18ஆம் நூற்றாண்டளவில் அம்பலவாணக் கவிராயர் பாடியது அறப்பளீசுர சதகம். நீதி நூல் என்று மதிக்கப்பட்டது. பலர் மனப்பாடம் செய்தது. நல்ல கருத்துகள் அதில் பல உண்டு. நன்மக்கள் யார், நட்பு எத்தகையது, கல்வி எதற்கு என்பனவெல்லாம் எளிமையாகச் சொல்லப்பட்டுள்ளன.

ஆனால் அவற்றோடு ஒரே வரிசையில் எவை வைக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள்! எந்தக் கிழமையில் எண்ணெய் முழுக்கு, எந்தப் பறவை எந்தப் பக்கம் பறந்தால் நற்சகுனம், மறையவர் சிறப்பு என்ன, அரசர், வணிகர், வேளாளர் சிறப்பு என்ன என்பனவும் அதே குரலில், அதே உறுதியோடு நீதியாகச் சொல்லப்படுகின்றன. பொய் பேசாதே என்பதும், இன்ன நாளில் தலை முழுகாதே என்பதும் ஒரே தராசில் நிற்கின்றன. முன்னதற்குக் காரணம் கேட்டால் சொல்லலாம். பின்னதற்கு என்ன காரணம்? கேட்கக் கூடாது, ஏனெனில் அது உபதேசம்!

பிசிராந்தையார் வரியைப் பற்றிப் பேசினார். சதகம் வரியைத் தருபவன் எப்படி அடங்கி நடக்க வேண்டும் என்று பேசிற்று. பதினைந்து நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் அறவுரை திசை மாறிவிட்டது. மேல்நோக்கிச் சென்ற சொல் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நீதி நூல்களை ஓதினார்கள். அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்களுக்கு அவற்றின் கட்டளைகள் மட்டும் வந்து சேர்ந்தன. எழுத்து வரவில்லை, அடங்கி நட என்பது வந்தது. மக்கள் இச்சொல்லைப் பழிக்கத் தொடங்கியதில் வியப்பென்ன?

1937இல் ஒரு சோதனை

அண்மைக் காலத்துக்கு வருவோம். அறவுரையைச் சட்டமாக்கிப் பார்த்த பெரிய சோதனை ஒன்று இந்தச் சேலம் மாவட்டத்தில்தான் நடந்தது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி வட்டங்களெல்லாம் அம்மாவட்டத்தில் அடங்கியவை. சட்டத்தைக் கொணர்ந்தவர் இராசகோபாலாச்சாரியார். சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர், 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, குடிசையில் வாழ்ந்து, 1929இல் 'விமோசனம்' என்ற மதுவிலக்கு ஏட்டைக் கல்கியின் துணையோடு நடத்தியவர். அவருடைய அரசியலோடு நமக்குள்ள பகை நாடறிந்தது. எனினும் மது ஒழிய வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் நாம் ஐயம் கொள்ளவில்லை. குடியினால் ஏழைக் குடும்பம் சீரழிந்தது என்பது உண்மை.

கேள்வி வேறு. அந்த அறத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? கள்ளிறக்கி வாழ்ந்த மரமேறிகள் பிழைப்பை இழந்தனர். மதுவரி போனதால் ஏற்பட்ட குறையை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி வந்தது. அது கடைக்காரன் வழியாக வாங்குபவனிடம் வந்து சேர்ந்தது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கைக் கைவிட்டது. 1948இல் மாகாணம் முழுவதும் மீண்டும் வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பவும் வந்தது, பின்னர் மறுபடியும் போயிற்று. 1983இல் அரசே மது வாணிபக் கழகம் ஒன்றை நிறுவிற்று. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 'டாஸ்மாக்' என்ற பெயரை அறியாத சிற்றூர் இன்று உண்டா? அக்கடையில் விற்கும் ஒவ்வொரு புட்டியிலும் மது தீது என்ற எச்சரிக்கை அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. விற்பவனே விற்கும் பொருளின்மீது அறவுரை ஒட்டும் காட்சி! ஊருக்கு உபதேசம் என்ற தொடருக்கு இதைவிடப் பொருத்தமான படம் எந்த ஓவியனாலும் தீட்ட முடியாது.

இதே சேலத்தில் இதற்கு முன்னரே வேறு வகையான அறவுரை ஒன்றும் நடந்தது. கள்ளுக்கடை மறியல் காலத்தில் ஈரோட்டு இராமசாமி, சேலத்துத் தாதம்பட்டியில் தமக்கு உரிமையாயிருந்த தோப்பில், கள்ளுக்குப் பயன்படுகின்றன என்பதற்காக 500 தென்னை மரங்களை வெட்டச் செய்தார் என்று இயக்க வரலாறு கூறுகிறது. மரத்தை வெட்டியது சரியான முறைதானா என்று வாதிடலாம், வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த அறவுரையின் விலையைச் சொன்னவரே கொடுத்தார். அடுத்தவன் தோப்பில் கோடரி விழவில்லை. ஆகவே அதை எவரும் 'உபதேசம்' என்று எள்ளியதில்லை.

தம் செவிக்கே சொன்ன தீர்மானம்

அதே சேலத்தில் 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் கூடிய மாநாட்டை நாம் நினைவுகூர வேண்டும். நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிய மாநாடு என்றுதான் பலரும் அறிவார்கள். ஆனால் அண்ணாதுரை பெயரால் வழங்கும் தீர்மானம் கேட்டது பெயர் மாற்றத்தைவிடப் பெரிது. ராவ்பகதூர், திவான்பகதூர், சர் என்று வெள்ளையர் கொடுத்த பட்டங்களைத் துறந்துவிடுங்கள். நியமனத்தால் கிடைத்த பதவிகளை விட்டு விலகுங்கள். பெயரின் பின்னே ஒட்டிய சாதிப் பட்டத்தை நீக்குங்கள் என்றது.

யாரிடம் சொல்லப்பட்டது அது? பந்தலுக்கு வெளியே நின்ற ஏழையிடமா? அவனுக்கு ஏது பட்டம்! முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருந்த சீமான்களிடம், தம் கட்சியின் தூண்களிடம், நேருக்கு நேராகச் சொல்லப்பட்டது. சிலர் ஏற்றனர்; சிலர் பிரிந்து சென்று பழைய பெயரிலேயே கட்சி நடத்தினர். சொன்னவர்களுக்கு இழப்பு இருந்தது. அதனால் சொல்லுக்கு எடை இருந்தது. பிசிராந்தையாரின் செவியறிவுறூஉ நெடுங்காலம் கழித்து மீண்டும் தமிழ்நாட்டில் ஒலித்தது என்றால் அது மிகையன்று.

மேடைக்கே புதுப்பெயர் வந்ததும் இக்காலத்தில்தான். பிரசங்கம் போயிற்று, உபந்நியாசம் போயிற்று, 'சொற்பொழிவு' நிலைபெற்றது. பெயர் மட்டும் மாறியிருந்தால் பயனில்லை. கேட்பவர் துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி மேடைக்கு அனுப்பலாம். பேசியவர் விடை சொல்ல வேண்டும். நான் சொல்வதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தைப் பெரியார் தம் பேச்சில் ஓயாமல் வலியுறுத்தினார். கேள்விக்கு இடம் கொடுத்தால் சொற்பொழிவு. கொடுக்காவிட்டால் அதே மேடையில் அதே ஒலிபெருக்கியில் நடப்பது உபதேசம்.

தாய்க்குச் சொன்னார்கள்

இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. உயிர்களின் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. 1991, 2001 ஆகிய இரு மக்கள் கணக்கெடுப்புகளிலும் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 850 பேரே இருந்தனர். மற்றவர்கள் எங்கே? பிறந்தவுடன் கொல்லப்பட்டனர், பிறகு, கருவி வந்தபின், பிறக்குமுன்னரே அழிக்கப்பட்டனர். 1992இல் தமிழ்நாட்டரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கிற்று. கொல்லாதே, தொட்டிலில் இட்டுவிட்டுப் போ என்றது அரசு.

தொட்டில் உயிர்களைக் காத்தது. அதைக் குறைகூற மாட்டோம். ஆனால் அந்நாளில் ஊரெங்கும் எழுந்த அறவுரைகள் யாரை நோக்கிப் பேசின? பேறுகாலப் படுக்கையில் கிடந்த தாயை நோக்கி. தாயே, நீ பேயாகலாமா என்று கேட்டார்கள். அவள் படுக்கையில் கிடந்தபடி எண்ணிக்கொண்டிருந்த நகைக் கணக்கையும், மூன்றாவதும் பெண்ணா என்று வாசலில் முணுமுணுத்த மாமியாரையும், சீர்வரிசையைச் சீட்டில் எழுதித் தரக் கேட்ட மாப்பிள்ளை வீட்டாரையும் எந்த அறவுரை நோக்கிற்று? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. மணமேடைக்கு வந்த பெரியவர்களின் செவியில் அதைப் புகுத்தியவர்கள் எத்தனை பேர்?

நிலையை மாற்ற உதவியவை எவையென்று பாருங்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அறுபதாண்டுகள் அச்சொல் ஆள்வோரின் செவியைத் தட்டிற்று. 1989இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 2005இல் இந்தியா முழுவதற்கும் ஆயிற்று. 1994இல் வந்த நடுவண் சட்டம் கருவியை வைத்திருந்தவர்களைக் கட்டுப்படுத்திற்று. பெண்கள் படித்தனர்; வேலைக்குச் சென்றனர். 2011 கணக்கெடுப்பில் சேலத்தில் அந்த எண் 900ஐக் கடந்தது. இன்னும் போதாது, ஆயினும் ஏறியிருக்கிறது. தாயைத் திட்டியதால் மட்டும் இது ஏறியதென்று எவரும் சொல்ல முடியாது.

உலகின் பிற பகுதியிலும் இதுவே நடந்தது. இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் சிறுவர்களை நாள் முழுவதும் வேலை வாங்கிக்கொண்டே அவர்களுக்கு உழைப்பின் பெருமையைப் போதித்தார்கள். போதனை சிறுவனைக் காக்கவில்லை. ஒன்பது வயதுக்குட்பட்டவனை நெசவாலையில் வேலைக்கு வைக்காதே என்று ஆலை முதலாளிக்கு 1833ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது, அது காத்தது.

தோழர்களே! ஏடும் மேடையும் இன்று நம் கையில் இருக்கின்றன. கைப்பேசியின் சிறு திரைகூட மேடையாகிவிட்டது. மூடநம்பிக்கையில் உழலும் மூதாட்டியை எள்ளி நகையாடுவது எளிது. அவள் அச்சத்தை விற்றுப் பணமாக்குபவனைப் பெயர் சொல்லிக் கேட்பது கடினம். குடிக்கும் கூலியாளைத் திட்டுவது எளிது. அவன் கூலியை வாங்கிக் கருவூலத்தில் சேர்ப்பவரைக் கேட்பது கடினம். எளியதை மட்டும் செய்துவிட்டு நம்மைப் பகுத்தறிவாளர் என்று அழைத்துக்கொண்டால், செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதி நமக்கும் அதே பெயரைச் சூட்டும். அதற்கு அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயிருக்காது.

பேச எழுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். நாம் பேசப்போவது நம்மைவிட வலியவன் செவியிலா, எளியவன் செவியிலா? அதன் விலையைக் கொடுக்கப்போவது நாமா, அவனா? அவன் எழுந்து மறுகேள்வி கேட்டால் விடை சொல்ல ஆயத்தமாக இருக்கிறோமா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை இருந்தால் தயங்காமல் மேடை ஏறலாம். இல்லையேல், கீழே அமர்ந்து அந்த எளியவன் சொல்வதை முதலில் கேட்போம்.